ஆமைக்கு இருமல் வராது

டிசம்பர் 28, ஞாயிறு. காலை 6.40. மூச்சு நிமிடத்துக்கு 9.

போன் டைமர் வைத்து இரண்டு தடவை எண்ணினேன். வீட்டுக்குள் 19 டிகிரி. வெளியே பனி. ஜன்னலில் மலை இல்லை. கோட்டை, பாறை, படிக்கட்டு, எல்லா இடத்திலும் வெள்ளை.

ஆமையின் மூக்கில் நுரை. வலது ஓட்டையில் ஒரு குமிழ், மூச்சு விட்டால் பெரிதாகிறது, இழுத்தால் உள்ளே போகிறது. கண் பாதி மூடி. நேற்று வைத்த வெள்ளரிக்காய் அப்படியே கிடக்கிறது. முந்தாநாளும் தின்னவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

சத்தம்: மேலே ஏறும் ஒரு மெல்லிய விசில். முடிவில் ஒரு 'டிக்'. மறுபடி விசில்.

பேர் மேஸ்திரி, இங்கே சுருக்கமாக மே. நைனா வைத்தது. கல் கிரஷரில் அவருக்கு மேலிருந்த மேஸ்திரி இப்படித்தான் கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் பார்ப்பாராம், ஒரு வேலையும் செய்யமாட்டாராம். குவாரிப் பக்கம் புதரிலிருந்து மதியச் சோற்றுத் தூக்கில் போட்டுக் கொண்டுவந்தார். நான் டிப்ளமா சேர்ந்த வருடம். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடு. வீட்டில் வைக்கக் கூடாத ஜாதி என்பது தெரியும். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஜனவரி 12 வந்தால் நைனா போய் ஒரு வருடம். நெஞ்சில் கல் தூசி. கடைசி எட்டு மாதம் கட்டிலில்தான். இப்போது அந்த மூலையில் கட்டில் இல்லை, ஆமைப் பெட்டி இருக்கிறது.

நான் எழுந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் நைனாவின் பிளாஸ்க். வெந்நீர், சூடாக.

"யாருக்கும்மா?"

"சத்தம் கேட்டுச்சு."

"ஆமைம்மா அது."

"தெரியும்டா."

அம்மா பிளாஸ்க்கை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கவனிக்க: தரை ஈரம். புயல் மழைக்குப் பிறகு சிமெண்ட் காயவே இல்லை. சாக்கு கீழே பூஞ்சை.


டிசம்பர் 29, திங்கள். பனி எட்டரைக்கு விலகியது.

லீவு. விழுப்புரம் ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன். இரண்டு ஆஸ்பத்திரியில் நான் செய்ய வேண்டிய ஆக்சிஜன் மெஷின் சர்வீஸ் நாளைக்குத் தள்ளியாகிவிட்டது.

திண்டிவனத்தில் ஒரு லேடி டாக்டர் நாய் பூனை தவிர மற்றதும் பார்க்கிறார் என்று கேள்வி. கட்டைப்பையில் துணி, துணிக்குள் மே. பஸ்ஸில் நல்ல கூட்டம். வண்டி நிற்கும்போதெல்லாம் பையிலிருந்து விசில்.

கண்டக்டர்: "இன்னா தம்பி பையில?"

"குக்கர்."

"கேஸ்கெட் போயிருக்கும். மாத்து."

பக்கத்து சீட் அம்மாள் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, "அடுப்பு இல்லாமயா விசிலடிக்குது" என்று எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். இறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவராக இருக்கலாம். முதல் கேள்வி, "இதை வீட்ல வச்சிருக்கிறது தப்புன்னு தெரியுமா, தெரியாதா?" தெரியும் என்றேன். "அப்ப பேச்சு மிச்சம். உயிர் பிழைக்கட்டும், அப்புறம் வனத்துறை."

எக்ஸ்ரே. நுரையீரல் ஓட்டுக்கு நேர் கீழே, மேல் பக்கத்தில் இருக்கிறது. இடது பக்கம் புகை மாதிரி வெள்ளை. நிமோனியா ஆரம்பம். அவர் சொன்னதில் முக்கியமானவை:

சூடு. 30 டிகிரி, இரவிலும் இறங்கக் கூடாது. சூடு இல்லாமல் மருந்து வேலை செய்யாது.
காய்ந்த பெட்டி. சாக்கு தூக்கிப் போட.
தினம் வெதுவெதுத் தண்ணீரில் உட்கார வைக்க. தண்ணீர் தாடைக்குக் கீழே.
ஊசி, மூன்று நாளுக்கு ஒன்று. முன்னங்காலில் மட்டும். பின்னங்காலில் போட்டால் மருந்து நேரே கிட்னிக்குப் போகும்.
உப்புத் தண்ணீர் ஆவி, நெபுலைசரில்.
"வெள்ளரியும் தக்காளியும் போட்டு வளர்த்திருக்கீங்க. பத்தாது." முருங்கைக் கீரை, செம்பருத்தி இலை.

நைனாவின் நெபுலைசர் இருக்கிறது, அவருடைய மருந்தும் மிச்சம் இருக்கிறது, போடலாமா என்று கேட்டேன். முறைத்தார். "மெஷின் போதும். மருந்து குப்பையில."

இன்னொன்று சொன்னார். ஆமைக்கு இருமல் வராது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே நமக்கு இருக்கும் தசைத் தடுப்பு அதற்கு இல்லை. சளியை வெளியே தள்ள வழி இல்லாமல் உள்ளேயே தேங்கும். அதனால்தான் ஆபத்து.

முதல் ஊசி அவரே போட்டார். இரண்டாவதிலிருந்து நான். காலை இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இத்தனை சின்ன காலில் அவ்வளவு பலம்.


டிசம்பர் 30, செவ்வாய். பனி. 18 டிகிரி. பெட்டிக்குள் 30.

தெர்மோஸ்டாட், நூறு வாட் குண்டு பல்பு, பின் ஹோல்டர். எல்லாம் என் கையிருப்பு. அரை மணி வேலை.

அலமாரி மேல் தட்டிலிருந்து நெபுலைசர். நைனாவுக்குப் பிறகு யாரும் தொடவில்லை. குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். ஸ்விட்ச் போட்டதும் அந்தப் பழைய உறுமல். அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. வந்து வாசற்படியில் நின்றாள். புகை பெட்டிக்குள் நிறைந்து மே. தெரியாமல் போகும்வரை பார்த்தாள்.

"காலைல ரெண்டு வாட்டி இருமுனாரு."

"ஆமைக்கு இருமல் வராதும்மா. டாக்டரே சொல்லிட்டாங்க."

"நான் ஆமைய சொல்லல."

சர்வீசுக்கு லேட். கிளம்பினேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து: "ஸ்டீபன், வூட்ல யாருப்பா முடியாதவங்க? மத்தியானம் பூரா இழுப்புச் சத்தம். உங்க நைனா இருந்தப்ப கேக்கும் பாரு, அது மாதிரியே."

"ஆமைக்கு சளி."

"ஆமைக்கா." ஓரடி பின்னால் நகர்ந்தார். "சரி சரி. நான் இப்போதைக்கு அந்தப் பக்கம் வரல. கொழம்பு குடுக்கணும்னா செவுத்து மேல வைக்கிறேன்."

சிரித்துவிட்டேன். பிறகு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இறங்கி ஏறுகிறது. நைனா கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்வது இப்படித்தான். முகம்கூட அதே பக்கம். தெருக் கதவைப் பார்த்து.

இது உடற்கூறு. மூச்சுக்கு இடம் கிடைக்க எந்தப் பிராணியும் அப்படித்தான் உட்காரும். எழுதிவைக்கிறேன்.


ஜனவரி 1, வியாழன். வெயில். மலை முழுசாகத் தெரிந்தது.

இரண்டாவது ஊசி. நானே. சரியாகப் போட்டேன். மூச்சு 6. நுரை குறைவு. செம்பருத்தி இலையில் ஒரு கடி, அரை நிலா அளவு.

விசில் கிட்டத்தட்ட இல்லை.

அம்மா: "இன்னிக்கு சத்தமே இல்ல." இதைக் குறை மாதிரி சொன்னாள்.

கோயிலில் ஃபாதர் புது வருஷப் பூசை முடித்ததும், பூசைக்குப் பேர் எழுதும் கோயில் பிள்ளை சவரி அண்ணன் என் தோளைத் தட்டினார். "இன்னாடா, நைனா வருசப் பூசைய வேணாம்னுட்டீங்க? வேற தேதி பாக்குறீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 12-ஆம் தேதி காலைப் பூசைக்குப் பேர் எழுதியது நான்தான். அம்மா செவ்வாய்க்கிழமை தனியாகப் போய் அந்தப் பேரை அடித்துவிடச் சொல்லியிருக்கிறாள்.

வழியில் அம்மாவிடம் கேட்டேன்.

"ஆத்துமா இளைப்பாறணும்னுதான பூசை குடுக்குறது?"

"ஆமா."

"மூச்சு இழுத்துக்கினு இருக்குறவருக்கு யாராவது குடுப்பாங்களா?"

இதை ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள். அடுத்த பேச்சு தக்காளி விலை.

பேனர் கடைக்காரன் நினைவு நாளுக்கு நைனா போட்டோ கேட்டு இரண்டு தடவை போன். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.


ஜனவரி 2, வெள்ளி. பனி.

ஏழு மணிக்கு வீடு வந்தேன். பல்பு எரியவில்லை. பெட்டிக்குள் 21. விசில் திரும்பிவிட்டது. டெஸ்டர் வைத்தேன், ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது. பல்பும் நல்ல பல்பு. பின்னிலிருந்து கழன்று ஹோல்டரில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஹோல்டர் ஸ்பிரிங் வீக். மாற்றிவிட்டேன்.

அம்மா நல்ல மூடில். மீன் குழம்பு.


ஜனவரி 3, சனி. பனி, மதியம்வரை.

மறுபடியும். புது ஹோல்டர். 20 டிகிரி. ஜன்னல் கதவும் திறந்திருந்தது.

பின் ஹோல்டரில் பல்பைக் கழற்ற, உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். தானாகக் கழலாது. எலி அழுத்தித் திருப்பாது. நான் வெளியே. வீட்டில் அம்மா மட்டும். "நான் தொடலியே" என்கிறாள், கண்ணைப் பார்த்து.

அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. பெட்டியைப் பார்த்தேன். மே. என்னைப் பார்க்கவில்லை. தெருக் கதவைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

மூச்சு 10.


ஜனவரி 4, ஞாயிறு.

அம்மா தலைவலி என்று பூசைக்கு வரவில்லை. நான் பாதிப் பூசையில் எழுந்து வந்துவிட்டேன். செருப்பை வெளியே விட்டுச் சத்தமில்லாமல் நுழைந்தேன்.

பல்பு தரையில். ஜன்னல் திறந்து. அம்மா பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கை ஓட்டின் மேல், மெதுவாகத் தட்டுகிறாள். நைனாவின் முதுகில் தட்டிய அதே தட்டு. கீழிருந்து மேலே. நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி. விசில், டிக். விசில், டிக். அவள் இடையில் பேசுகிறாள். கரண்ட் பில், அத்தை பெண் கல்யாணம், ஸ்டீபன் சரியாகச் சாப்பிடுவதில்லை. விசில் வரும் இடத்தில் நிறுத்தி, "ம், அதான்" என்று பதிலுக்குப் பதில்.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. பிறகு கத்தினேன்.

"செத்துரும்மா அது. கொல்லுற நீ."

அம்மா அதிரவில்லை. "சூடு போட்டா சத்தம் கொறஞ்சு போயிருதுடா."

"கொறையணும்னுதான் போடுறது."

"கொறஞ்சா அப்புறம் வூட்ல இன்னா இருக்குது? நீ காலைல போனா ராத்திரி வர. நான் யார் கிட்ட பேசுறது?"

"தொடலன்னு சொன்னியே."

"ஆமைய தொடலன்னு சொன்னேன்." பிறகு, "பல்ப கேட்டியா நீ?"

நான் பல்பைத்தான் கேட்டேன். வாதாடவில்லை. மூன்றாவது ஊசி போட்டேன். பெட்டியை என் ரூமுக்கு மாற்றினேன். இனி வெளியே போகும்போது பூட்டுவேன், சாவி என்னிடம்.


ஜனவரி 5, திங்கள்.

மூச்சு 7. பெட்டி 30. பூட்டு சரி. சாயங்காலம் வந்தபோது அம்மா பூட்டிய ரூம் கதவில் காதை வைத்து, தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

என்னோடு பேசவில்லை. கதவோடு பேசியிருப்பாள்.


ஜனவரி 6, செவ்வாய். கடும் பனி.

எழுதிவைக்க வேண்டும், வரிசையாக.

விழுப்புரத்தில் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு அம்மா போன்.

"ஸ்டீபன், சத்தம் மாறிடுச்சு."

"என்ன மாறிடுச்சு?"

"விசில் போயிடுச்சு. இப்ப வாயால இழுக்குது. நடுவுல நிக்குது. அன்னிக்கு காலைல உங்க நைனா இழுத்தாரே, அது. நான் மறுபடி கேக்கமாட்டேன்டா அத."

"பல்பு எரியுதா பாரு, கதவிடுக்குல வெளிச்சம்..."

"கரண்ட் ஒம்போது மணிலேர்ந்து இல்ல. மாசாந்திர கட்டு. பேப்பர்ல போட்டிருக்குது."

அதை நான் பார்க்கவில்லை. சூடு போட்டு, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தது நான். மூன்று மணி நேரம் அந்த ரூம் குளிர்ப்பெட்டி.

வண்டியை விரட்டினேன். கூட்ரோடு தாண்டும்போது மறுபடி போன். அம்மா இல்லை, மல்லிகா அக்கா. "பூட்ட ஒடச்சாச்சு. எங்க வூட்டு கடப்பாரைதான். உங்கம்மா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுது, நீ அங்க போ."

"நீங்க உள்ள வந்தீங்களா?"

"பின்ன. செவுத்து மேலயே நின்னுக்கினு இருக்க சொல்றியா?"

பஸ் ஸ்டாண்டில் அம்மா, கையில் வெறும் துணிப்பை. மே. அவள் மார்பில், புடவைக்குள், குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி. உடம்புச் சூடு கொடுக்க யாரும் சொல்லித்தரவில்லை. நானும் சொல்லவில்லை. வண்டியில் பின்னால் உட்காரவைத்துத் திண்டிவனம். பனியில் முப்பதுக்கு மேல் போக முடியவில்லை. வழி முழுக்க என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம். வாய் திறக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு மறுபடி.

டாக்டர் வாயைத் திறந்து சளியை உறிஞ்சி எடுத்தார். கண்ணாடிப் பெட்டி, ஆக்சிஜன், சூடு. "பத்து நாளாவது இங்கேயே. பிழைச்சா வனத்துறை. உங்க வீட்டுக்கு இல்லை." அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா, "நல்லதும்மா" என்றாள். "அது பாட்டுக்கு சத்தமில்லாம இருக்கட்டும்."

திரும்பும்போது வெறும் துணிப்பை அவள் மடியில். கோயில் முன்னால் நிறுத்தச் சொன்னாள். நான் இறங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்தாள்.

"எழுதிட்டேன். பன்னெண்டாந்தேதி, காலைப் பூசை."


ஜனவரி 8, வியாழன். பனி இல்லை.

டாக்டர் போன்: வாய் மூடி மூச்சு. தின்னவில்லை.

வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பிரிட்ஜ் நின்றால் காது அடைக்கிறது. அம்மா இரண்டு நாளாகப் பகலிலும் தூங்குகிறாள். ஒரு வருடத் தூக்கம். பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். உடைந்த பூட்டுக்கு மாற்றாக நான் வேறு பூட்டு வாங்கவில்லை.

பேனர்க்காரன் மறுபடி. அம்மாவிடம் கேட்டேன். "ரோட்டுல எதுக்குடா அவர நிக்க வைக்கிற" என்றாள்.


ஜனவரி 10, சனி. பகல் 3.15. நல்ல வெயில், மலையில் டூரிஸ்ட் நடப்பதுகூடத் தெரிகிறது.

டாக்டர் போன் காலையில். முருங்கை இலை தின்றது. நிமிடத்துக்கு 4. சத்தம் இல்லை. எக்ஸ்ரேயில் வெள்ளை குறைகிறது. பிழைத்துவிடும் என்று முதல் தடவையாகச் சொன்னார். அம்மா சிலுவை போட்டாள், அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இப்போது நான் மட்டும். அம்மா இரண்டு மணிக்கே கோயிலுக்கு, பூசைக்கு முன்னால் கூட்டித் துடைக்க. மல்லிகா அக்கா வீடு பூட்டு, தங்கச்சி வளைகாப்பு, அனந்தபுரம், குடும்பத்தோடு. பெட்டியைப் பிரிக்கலாம் என்று பழைய மூலைக்குக் கொண்டுவந்து வைத்து, ஸ்க்ரூடிரைவர் எடுத்தேன்.

இருமல். இரண்டு தடவை. அடுத்தடுத்து. இரண்டாவதுக்குப் பிறகு தொண்டையைச் செருமுகிற சின்ன இழுப்பு.

பெட்டி காலி. கையை விட்டுப் பார்த்தேன். பிரிட்ஜ் ஓடவில்லை. டேங்க் மோட்டார் ஆஃப். குழாயில் காற்று இல்லை, திறந்து பார்த்தேன். நெபுலைசர் பிளக் வெளியே. தெருவில் யாரும் இல்லை, நாய்கூட. மல்லிகா அக்கா பூட்டை இழுத்துப் பார்த்தேன். மாடிக்கு ஏறி இறங்கினேன். கால் மணி நேரம் மூலையில் நின்றேன். மறுபடி வரவில்லை.

ஒவ்வொன்றாகக் கழித்தாயிற்று. மீதி எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது:

1. திங்கள் காலைப் பூசை. நைனா பேர் வாசிக்கும்போது அம்மா பக்கத்தில் நிற்க. வேலைக்கு லேட் என்று பாதியில் எழக் கூடாது.
2. டாக்டர் விட்டதும் மே.யை வனத்துறையில் ஒப்படைக்க. கேள்வி கேட்டால் நான் பதில் சொல்ல, அம்மா இல்லை.
3. வாரத்தில் மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர. விழுப்புரம் ஆபீசில் பேச.
4. இன்றைக்குக் கேட்டதை அம்மாவிடம் சொல்லக் கூடாது.
5. பெட்டியைப் பிரிக்க வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.
6. பிளாஸ்க்கை எடுக்க. வெந்நீர் ஊற்றி மூலையில் வைக்க, அம்மா வருவதற்குள். கேட்டால் எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்ல.